சாமியாரை எப்போது கூப்பிட்டீர்கள்?

பாளையங்கோட்டைக்காரர்:

கல்லறைத் திருநாள் வருகிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு, செவ்வந்திக்கு முன்பணமும் கொடுத்தாச்சு. செத்தவர்களுக்கு இவ்வளவு செய்கிறோம். சாகப்போகிறவருக்கு என்ன செய்கிறோம்? அவரவர் பார்த்ததை எழுதுங்களேன்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்களில், நடமாட முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டுபோகிறவன் நான். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைக் குருவானவர், அதாவது சாமியார், மட்டுமே கொடுக்க முடியும். என் வேலை, வீட்டுக்காரர்களிடம் ‘சாமியாரை வரச் சொல்லட்டுமா’ என்று கேட்பது. அதற்கு வரும் பதில்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. “டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே.” “மூத்தவன் துபாயிலிருந்து வந்துரட்டும்.” “சாமியாரைப் பார்த்தாலே அப்பா பயந்துருவாங்க.” இதில் மூன்றாவதுதான் அதிகம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு ஒன்று. சிறுநீரகம் இரண்டும் போய் டயாலிசிஸில் இருந்தார். மகன்கள் சம்மதித்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. சாமியார் ‘சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் அப்படியே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று பேச்சு ஓடியது. வாத்தியாரோ சாமியாரின் அங்கிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: “சாமி, எண்ணெய் கொண்டாந்திருக்கீங்களா, இல்ல மறந்துட்டு வந்துட்டீங்களா?”

எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு வாத்தியார் பாவசங்கீர்த்தனம் செய்தார், அதாவது சாமியாரிடம் தன் பாவங்களை அறிக்கையிட்டார். அது நெடுநேரம் போனது. பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சாமியார் அவர் தலைமேல் கை வைத்து ஒன்றும் பேசாமல் செபித்தார். சின்னச் சிமிழில் பஞ்சு, அதில் ஊறிய எண்ணெய். பெருவிரலால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார், அப்புறம் இரண்டு கைகளிலும். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கை. மருமகள் துணியெடுத்துத் துடைக்கப் போனாள். வாத்தியார் வேண்டாமென்று தலையசைத்தார். அன்று சாயந்தரமே, பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த தம்பிக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாராம். அவர் இறந்தது வெகுநாள் கழித்து, மழைக்காலத்தில்.

சாகும் தறுவாயில் மட்டும் கொடுப்பது என்றிருந்த வழக்கத்தை, 1972-ல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் திருத்திய சடங்குமுறை மாற்றிவிட்டது. நோயோ முதுமையோ ஆபத்தான கட்டத்தைத் தொடும்போதே கேட்கலாம். குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடியும் வாங்கலாம். அதே நோய் முற்றினாலும் வாங்கலாம். ஐம்பது வருடம் தாண்டியும் நம் வீடுகளில் பயம் போகவில்லை. படுத்திருப்பவர் பயப்படுவதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பயமெல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குத்தான்.

ராத்திரி டியூட்டி, மதுரை:

அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. நான் நர்ஸ். புற்றுநோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடம் இருந்தேன். வராண்டாவில் வைத்து மகள் என் கையைப் பிடித்துக்கொள்வாள்: “சிஸ்டர், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, சொல்லிராதீங்க.” உள்ளே போனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார்: “எம்மா, சாமியார வரச் சொல்லு. எம்மவகிட்ட சொல்லிராத, அழுவா.” இப்படி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ரகசியம் காத்த ராத்திரிகள் நிறைய.

நடைமுறை விஷயம் சில சொல்கிறேன். பலருக்கு இது தெரியாது. நினைவு தப்பிவிட்டால் நோயில்பூசுதல் கொடுக்கலாம், ஆனால் அவரால் பாவசங்கீர்த்தனம் சொல்ல முடியாது, நன்மையும் வாங்க முடியாது. கடைசி நற்கருணையை வழியுணவு என்பார்கள். அது கிடைக்க வேண்டுமென்றால் விழுங்கும் சக்தி இருக்கும்போதே கூப்பிட வேண்டும். தொண்டை அடைக்கிறது என்றால் அப்பத்தில் மிளகளவு துண்டும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போதும். மூக்கு வழியாக டியூப் போட்ட பிறகு என்னிடம் வந்து “இப்ப நன்மை கொடுக்கலாமா சிஸ்டர்?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

உயிர் போன பிறகு பூசுவதில்லை. அப்போது சாமியார் வந்தால் செபம்தான் சொல்வார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் மட்டும் பூசலாம் என்று திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. மானிட்டரில் கோடு நேரான பிறகு போன் போட்டுவிட்டு, ‘சாமியார் பூச மாட்டேன்னுட்டார்’ என்று கோபித்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

கொரோனா நேரத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. உள்ளே யாரையும் விடவில்லை. 2020 மார்ச் 20 அன்று வத்திக்கானிலிருந்து ஒரு ஆணை வந்தது. குரு வர முடியாமல் சாகிறவர்களுக்கும், வாழ்நாளில் செபிக்கும் பழக்கம் இருந்தால், மரண வேளையில் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு என்று. அது புதுச் சலுகையல்ல, முன்பே உள்ளதுதான், அந்த நேரத்தில் நினைவூட்டினார்கள் என்று எங்கள் பங்குத்தந்தை விளக்கினார். பாடுபட்ட சுரூபத்தை (இயேசு தொங்கும் சிலுவையை) கையில் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். நாங்கள் கையுறை போட்ட கையோடு சிலரிடம் அதைத்தான் செய்தோம். வேறென்ன செய்திருக்க முடியும்!

கடலோரப் பெண், தூத்தூர் பக்கம்:

நீங்கள் எல்லோரும் கட்டிலில் கிடந்து சாகிறவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் கரையில் எத்தனை ஆண்களுக்குக் கட்டில் கிடைக்கிறது?

2017 நவம்பர் 30, ஓகி புயல். என் சித்தி மகன் ஆழ்கடல் போட்டில் இருந்தான். அந்தப் போட்டில் போன யாரும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சித்தி முதல் சில மாதம் அடக்கத் திருப்பலி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஏதாவது தீவில் ஒதுங்கியிருப்பான், மாலத்தீவு ஜெயிலில் இருப்பான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் போட்டோவைப் பீடத்துக்கு முன்னால் வைத்துப் பூசை நடந்தது. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேசையில் போட்டோவும் மெழுகுதிரியும்.

சித்தியை அரித்தது ஒன்றே ஒன்று. “எம்பிள்ள பாவசங்கீர்த்தனம் பண்ணாம போயிட்டானே.” சின்ன வயதிலிருந்தே மன்றாட்டு மாலையில் ‘திடீர் மரணத்திலிருந்து எங்களைக் காத்தருளும்’ என்று சொல்லி வளர்ந்தவள் அவள். ஆகவே அவளுக்கு அது வெறும் கவலையில்லை. பங்குச் சாமியார் அவளிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணினானா?” பண்ணினான். “கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கோயிலுக்கு வந்தானா?” வந்தான், எப்போதும் வருவான், போட்டில் மாதா படம் வைத்திருந்தான். “அப்ப அவன் ஆயத்தமாத்தான் போயிருக்கான். அலையில கிடக்கும்போது அவன் யாரைக் கூப்பிட்டிருப்பான்னு நினைக்கிற?” சித்தி பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். கல்லறையே இல்லாதவனுக்குக் கல்லறைத் திருநாளில் திரி எங்கே ஏற்றுவது என்று சித்தி ஒவ்வொரு வருடமும் தவிக்கிறாள். உங்கள் ஊர்களில் எப்படி?

பாளையங்கோட்டைக்காரர்:

தங்கச்சி, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடுவில் பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் அடக்கம் ஆனவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் அதன் அடியில்தான் ஏற்றுவோம். நவம்பரில் மழை அடித்துத் திரியெல்லாம் அணைந்துவிடும், சேற்றில்தான் நிற்க வேண்டும். சித்தியை அங்கே போகச் சொல்லுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை எந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டினாலும், பாவசங்கீர்த்தனம், நன்மை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளோடு, ஒரு ஆத்துமாவுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம். அந்த ஆத்துமா அந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மனசில் அவன் பெயரைச் சொன்னால் போதும்.

மன்னார்–டொரன்டோ:

எங்கட அம்மம்மாவின் கதை வேறு மாதிரி. அவ தன் சாவுக்கு எங்களை விட நல்லா ஆயத்தம் செய்து வைத்திருந்தவ. சூட்கேசுக்குள் வெள்ளைச் சேலை, புது உத்தரியம் (கழுத்தில் போடும் பக்தித் துணி), செபமாலை, பெட்டிக்கும் பூசைக்கும் காசு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் சேலையை வெளியில் எடுத்து வெயிலில் போட்டு, பூச்சி உருண்டை மாற்றுவா. உடம்பு மெலிந்தபோது சட்டையைத் தையல்காரியிடம் கொடுத்துப் பிடித்தும் வைத்தா. நாங்கள் சின்னப் பிள்ளைகள், ‘அம்மம்மா கலியாணத்துக்கு வெளிக்கிடுறா’ என்று பகிடி பண்ணுவோம். ‘ஓமடா’ என்பா.

அந்தச் சூட்கேசில் ஒரு கொப்பியும் இருந்தது. பூசை ஒப்புக்கொடுக்க வேண்டியவர்களின் பெயர்கள். முதலில் தாய் தகப்பன், புருசன், சூசையப்பர் சபையில் கூட இருந்த பெண்கள். பின் பக்கங்களில் 2009 யுத்தத்துக்குப் பிறகு எழுதினவை. வன்னியில் சேமக்காலையும் (கல்லறைத் தோட்டமும்) இல்லாமல், சுவாமியும் இல்லாமல், கிடங்கு வெட்டித் தாட்டவர்கள். சொந்தம் என்றில்லை, அயலட்டை ஆக்களும்தான், சைவ ஆக்களும் இருந்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (செத்த ஆத்துமாக்கள் சுத்தமாகும் இடத்துக்கு) மதம் தெரியாது என்று மாமா பகிடியாகச் சொன்னார். அம்மம்மா சிரிக்கவில்லை. “ஆருமில்லாத ஆத்துமத்துக்குத்தான் முதல் கேட்க வேணும்” என்றா.

இப்ப அந்தக் கொப்பி என்னிடம். ஒவ்வொரு நவம்பரிலும் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுக்கிறேன். இங்கு பிறந்த மகள் பெயர்களை வாசித்துவிட்டு, இவர்கள் எல்லாம் யார் என்று கேட்பாள். பாதிப் பேரை எனக்கும் தெரியாது.

கேட்டுக்கொண்டிருப்பவன், சென்னை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அப்பா தன்னைத் தகனம் செய்யச் சொல்கிறார். கல்லறை இடத்துக்கு நாயாய் அலைய வேண்டாம் என்பது அவர் வாதம். அத்தைமார் ‘வேதத்துக்கு விரோதம்’ என்று வீட்டையே இரண்டாக்குகிறார்கள். எது சரி?

ராத்திரி டியூட்டி, மதுரை:

விரோதம் இல்லை தம்பி. 1963-லேயே திருச்சபை தடையை நீக்கிவிட்டது. உடல் உயிர்த்தெழுதலை மறுப்பதற்காகச் செய்யாத வரை தகனம் செய்யலாம், ஆனால் அடக்கம்தான் சிறந்தது என்று இன்னும் சொல்கிறது. 2016-ல் வந்த அறிவுரைப்படி சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, வீட்டு ஷோகேஸிலும் வைக்கக் கூடாது. கல்லறையிலோ அதற்கென்று ஆலயம் ஒதுக்கிய இடத்திலோ வைக்க வேண்டும். ஆகவே அப்பா நினைக்கிற அளவுக்கு அலைச்சல் மிச்சமில்லை!

பெயர் வேண்டாம், திருச்சி:

எல்லோரும் ஆறுதலாக எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. எழுதத் தயங்கினேன். சிறுவயதில் பங்கில் தியானம் என்று பிரசங்கக் கூட்டங்கள் வைப்பார்கள். தியானம் கொடுக்க வந்தவர் ராத்திரிப் பிரசங்கத்தில் விளக்கை அணைக்கச் சொல்லி நரகத்தை வர்ணித்தார். ‘இன்றிரவு நீ செத்தால்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு நான் தூங்கப் பயந்தேன். தூக்கத்தில் செத்துவிட்டால், பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் சொல்ல முடியாதே என்று. சாவை நினைத்து ஆயத்தமாவது என்றால் எனக்கு இன்றும் அந்த இருட்டுதான். வளர்ந்த பிறகு திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ல் எழுதிய சுற்றுமடலில், சுத்திகரிக்கும் நெருப்பு என்பது கிறிஸ்துவையே நேருக்கு நேர் காண்பதாக இருக்கலாம், அந்தப் பார்வை சுடும், ஆனால் குணமாக்கும் என்ற கருத்தை வாசித்தேன். இதை ஏன் அப்போது ஒருவரும் சொல்லவில்லை? நரகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் அதை முதலில் சொல்வதா என்றுதான் கேட்கிறேன்.

கடலோரப் பெண், தூத்தூர் பக்கம்:

எங்களுக்கும் அந்த மாதிரிப் பிரசங்கம் உண்டு. ஆனால் வீட்டில் பாட்டி படுக்கும்போது “சேசு மரி சூசை, உங்கள் கையில் என் ஆத்துமத்தை ஒப்புக்கொடுக்கிறேன்” என்று சொல்லவைப்பாள். அதைச் சொன்னால் பயம் விட்டுப்போகும். மாதாவின் கணவர் சூசையப்பர் சாகும்போது ஒரு பக்கம் மாதா, ஒரு பக்கம் சேசு, அதனால்தான் நல்ல மரணத்துக்கு அவரைக் கேட்கிறோம் என்று கதையும் சொல்வாள். சாவைப் பற்றி நாங்கள் முதலில் கேட்டது அந்தக் கதைதான். பிரசங்கம் அதற்கப்புறம் வந்ததால் பெரிதாக ஒட்டவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவன், சென்னை:

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு அடுத்த வாரம் இருதய ஆப்பரேஷன். சாகக் கிடக்கவில்லை, நன்றாகப் பேசுகிறார். இப்போதே பூசச் சொல்லலாமா? கேட்டால் அபசகுனமாக நினைப்பாரோ என்று வாய் வரவில்லை.

பாளையங்கோட்டைக்காரர்:

தாராளமாக. ஆபத்தான நோய்க்காக ஆப்பரேஷன் என்றால் அதற்கு முன்னாலேயே வாங்கலாம், அதுதான் நல்லதும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் வீட்டிலோ கோயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சாமியார் கொண்டுவருவார். நீங்கள் மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பயப்பட வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருப்பவன், சென்னை:

கேட்டேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் என்று அவரே பங்குத்தந்தைக்குப் போன் போட்டு நேரம் வாங்கிவிட்டார். கூடவே பெரியம்மாவுக்கும் சேர்த்துப் பூசச் சொல் என்கிறார். பெரியம்மாவுக்கு நோய் எதுவும் இல்லை, தள்ளாமைதான், எண்பது தாண்டிவிட்டது. முடியுமா?

பாளையங்கோட்டைக்காரர்:

முடியும். தள்ளாமையே போதும். பெரியம்மா பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் சாமியாரைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்கள்.