செவ்வண்டு விழுத்தின தென்னை: தறிச்ச பிறகு என்ன செய்தனீங்கள்?

உரும்பிராய் வளவு:
ஏழு வருசத் தென்னை. குருத்து சரிஞ்ச பிறகுதான் செவ்வண்டு (சிவப்புக் கூன்வண்டு) எண்டு தெரிஞ்சது. தறிச்சு, குற்றியை மூண்டு துண்டாக்கி, வட்டை (மரத்தின்ர தலைப்பகுதியை) வேலியோரம் போட்டாச்சு. பத்து நாள் கழிச்சு வட்டைக் கோடாலியால பிளந்தால், மட்டை அடியில நாரைக் கயிறு மாதிரித் திரிச்சுச் சுத்தின கூடுகள் பதினேழு. அதில ஆறு வெறுங்கூடு, ஒரு முனையில வட்ட ஓட்டை. மரம் செத்தால் புழுவும் சாகும் எண்ட நினைப்பு முழுப் பிழை. கூட்டுக்குள்ள இருக்கிறதுக்குத் தீனே தேவையில்லை. தறிச்ச அண்டைக்கே பிளக்க வேணும்.

பளை மணல்:
பிளந்தால் மட்டும் காணாது, மண்ணுக்குள்ள புதைக்க வேணும். ஆறரை அடி ஆழக் கிடங்கு, வட்டுத் துண்டுகளை அடியில போட்டு, அரை அடிக்கு ஒருக்கா மண் போட்டு மிதிச்சு மூடுறது. இரண்டடியில தாட்ட ஒரு கிடங்கு மழைக்குப் பிறகு இறங்கி, வெடிப்பு விழுந்து, அதால வண்டு வெளிக்கிட்டது. ஆழத்தில கஞ்சத்தனம் வேண்டாம்.

கோப்பாய்ச் செம்மண்:
பளை அண்ணை, உங்கட மணலுக்கு அது சரி. வலிகாமத்தில கன இடத்தில இரண்டு மூண்டு அடியிலேயே சுண்ணாம்புக்கல் அலவாங்கில இடிக்கும். பேந்து "ஆழமில்லாட்டி மருந்தை ஊத்தி மூடு" எண்டு ஆரும் சொல்லுவினம். தயவுசெய்து ஊத்தாதேங்கோ. கல்லிடுக்கால நேர கிணத்துக்குத்தான் இறங்கும், நாங்கள் குடிக்கிறது அந்தத் தண்ணி. கழிவொயிலும் அப்படித்தான்.

இங்க எரிக்கிறதுதான் வழி. ஆனால் முழுக் குற்றியை எரிக்கேலாது. ஒரு வளவில இரவு முழுக்க எரிச்ச குற்றியைக் காலமை பிளந்தால் வெளியில இரண்டு அங்குலம் கரி, நடுவில ஈரச்சோறு (மரத்தின்ர மெத்தெண்ட உள்பகுதி), அதுக்குள்ள புழு நெளியுது. பச்சைத் தென்னைக்குள்ள அவ்வளவு தண்ணி.

முதல் வட்டும் அதுக்குக் கீழ அஞ்சடியும், பிறகு அடிமரத்தில மூண்டடி. இளந்தென்னையில அடியாலயும் வண்டு போகும், அதை மறக்கிறவைதான் கன பேர். ஒரு அடித் துண்டுகளா அறுத்து, ஆப்பு வைச்சு நாலாப் பிளவுங்கோ. புழு, கூடு எல்லாத்தையும் சவர்க்காரத் தண்ணி வாளிக்குள்ள போடுங்கோ. கூட்டைக் கிழிச்சுப் போட வேணும், முழுக்கூடு மிதக்கும். பிறகு பிளந்த பக்கம் மேல பார்க்க நாலைஞ்சு நாள் வெயில். எரிக்கேக்க கீழ காவோலை, கங்குமட்டை, அதுக்கு மேல துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமா, காத்துப் போற மாதிரி அடுக்குங்கோ. ஐப்பசி, கார்த்திகையில மரம் விழுந்தால் எரிக்கிறது பற்றி யோசிக்காதேங்கோ. பிளந்து, புழு பொறுக்கி, படங்கால இறுக்கி மூடி, ஓரத்துக்கு மண் அணைச்சு வையுங்கோ. மழை விட்ட பிறகு எரிக்கலாம்.

சாவகச்சேரித் தென்னை:
எல்லாரும் வட்டைப் பற்றியே கதைக்கிறியள். அடிக்கட்டை? தறிச்ச கட்டை உக்கினால் கருவண்டு (காண்டாமிருக வண்டு) வந்து முட்டையிடும். ஒரு கட்டையைக் கிண்டேக்க வெள்ளைப் புழு ஒரு கடகம் வந்தது. வித்தியாசம் பாருங்கோ: கருவண்டுப் புழு வளைஞ்சு கிடக்கும், நெஞ்சுப் பக்கம் மூண்டு சோடிக் கால். செவ்வண்டுப் புழுவுக்குக் காலே இல்லை, நடு பெருத்திருக்கும். கருவண்டு குருத்தைத் துளைச்ச ஓட்டையாலயும் செவ்வண்டு உள்ள போகும், எண்டபடியால் ஒண்டை விட்டால் மற்றது வரும். சுத்திவர வேரை வெட்டிக் கட்டையைப் பிடுங்க வேணும். எருக்கும்பியையும் ஒருக்கால் கிளறிப் பாருங்கோ.

உரும்பிராய் சொன்ன மூண்டு துண்டுக் குற்றி எங்க போச்சு? அதைச் சொல்லேல்லை. ஆரும் கேட்டால் உழவு இயந்திரப் பெட்டியில ஏத்தி விடாதேங்கோ. இந்த வண்டு எங்கட பக்கத்துச் சாமான். 1980களில வளைகுடாப் பேரீச்சைக்கும், 1990களில ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தது. அதைப் பரப்பினது முக்கியமா மனிசர் ஏத்தின கன்றும் மரமும்தான்.

உரும்பிராய் வளவு:
குற்றி அங்கயேதான் கிடக்கு. நாளைக்குப் பிளக்கிறதாம்.

வடமராட்சி:
பிளக்கிற அண்டைக்குப் பக்கத்துத் தென்னையில பச்சை மட்டை வெட்டாதேங்கோ. வெட்டின வாசத்துக்கு வண்டு வரும். வெட்டத்தான் வேணுமெண்டால் மரத்தில இருந்து நாலடி விட்டு வெட்டுங்கோ, மரத்தில காயம் பட்டால் தார் பூசுங்கோ. உரும்பிராயில வெறுங்கூட்டால வெளிக்கிட்ட ஆறு வண்டும் கிட்டவே இருக்கலாம். முட்டையில இருந்து வண்டாக மூண்டு நாலு மாதம், அதுவரைக்கும் கிழமைக்கு ஒருக்கா சுத்தியுள்ள இளமரங்களில மண்ணிறச் சாறு, ஓட்டையில தள்ளின நார்ச்சக்கை இருக்கோ எண்டு பாருங்கோ. விடியக்காலமை, காத்தில்லாத நேரம், மரத்தில காதை வைச்சால் கறுமுறுவெண்டு அரிக்கிறது கேட்கும்.