மறுபரிசோதனைக்கு வரவும்: பச்சிளங்குழந்தைச் சோதனைகளும் பெற்றோர் அனுபவங்களும்

குறைமாதத்தில் பிறந்த மகளின் அம்மா:

எங்கள் மகள் 32ஆம் வாரத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தை என்றால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எடையைத்தான் கேட்பார்கள். எடை தன்பாட்டில் ஏறியது. எங்களை உலுக்கியெடுத்தவை சோதனைகள். குதிகாலில் குத்தி ரத்தம், உச்சந்தலையில் ஸ்கேன், கண், காது, மறுபடியும் காது. எதை எதற்காகப் பார்க்கிறார்கள், முடிவு சரியில்லை என்றால் அடுத்தது என்ன என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சில இரவுகளாவது தூங்கியிருப்போம். அதனால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன். இதே வழியில் வந்தவர்களும் எழுதுங்கள்.

தலை ஸ்கேன் பெயரளவில்தான் பயங்கரம். உச்சிக்குழியில் எலும்பு இன்னும் கூடியிருக்காது. அந்த இடைவெளி வழியாக மூளையைப் பார்த்துவிடுகிறார்கள். மிக முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மூளைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. கதிர்வீச்சும் இல்லை, வலியும் இல்லை. கொஞ்சம் ஜெல் தடவி, இன்குபேட்டருக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

கண் பரிசோதனை அப்படியல்ல. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுதாக வளர்ந்து முடியும். முன்னதாகவே வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அவை தாறுமாறாக வளரக்கூடும். கவனிக்காமல் விட்டால் விழித்திரையே பிரிந்து பார்வை போய்விடலாம். பிறந்து ஏறத்தாழ நான்கு வாரத்தில் முதல் சோதனை. கண்ணின் கருமணி விரிய சொட்டுமருந்து விட்டு, துணியில் இறுகச் சுற்றி, இமைகளை ஒரு சிறிய கம்பி வளையத்தால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் விளக்கு கட்டிய மருத்துவர் கையில் வில்லையோடு குனிந்து பார்த்தார். அந்த அழுகையைக் கேட்டு என் கணவர் வெளியே போய்விட்டார். நர்ஸ் வாயில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டதும் அழுகை கொஞ்சம் அடங்கியது. முதல் முறை "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதும் முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை. குழாய்கள் விழித்திரையின் ஓரம்வரை வந்து சேர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் தேதிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள்.

இப்போது காது. முதலில் செய்வது ஓ.ஏ.இ. என்ற சோதனை. காதில் மெல்லிய குழலை வைத்து டிக் டிக் என்று ஒலி அனுப்புவார்கள். நலமாக உள்ள உள்காது அதற்குப் பதிலாகத் தானே ஒரு மிக மெல்லிய ஒலியை எழுப்பும். குழலில் உள்ள மைக் அதைப் பிடித்துவிடும். காது ஒலி எழுப்பும் என்பதை டேவிட் கெம்ப் என்பவர் 1978இல்தான் நிரூபித்தாராம். எங்கள் மகளின் வலது காது எழுப்பியது. இடது காதுக்கு நேரே "மறுபரிசோதனை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று முழுவதும் நான் அவளுடைய இடப்பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

காதுத் துளையில் பிறந்தபோது இருந்த மாவுப் படலமோ நீரோ தங்கியிருந்தாலும் இப்படி வரும். குழந்தை அசைந்தாலும், அறையில் சத்தம் இருந்தாலும் வரும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. தேறினாலும் அது மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து, அதற்குப் பின்னால் நரம்பில் கோளாறு இருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்குத்தான் பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுமுனைகளைப் பதித்து, ஒலி மூளைத்தண்டுவரை போய்ச் சேருகிறதா என்று மின் அலைகளாகப் பார்ப்பது.

பெராவுக்குப் போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை: குழந்தையைப் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் கூட்டிப் போங்கள், ஒட்டுமுனைகளை ஒட்டிய பிறகு பால் கொடுங்கள். நாங்கள் வழியிலேயே தூங்க வைத்துப் போனோம். ஒட்டுவதற்கு முன் தோலை நறநறவென்ற ஒரு ஜெல்லால் தேய்ப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முழித்துக்கொண்டாள். பிறகு அவள் அடங்குவதற்குள் அடுத்த குழந்தைக்கான நேரம் வந்துவிட்டது. இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்று விளக்கை அணைத்து மடியில் போட்டுத் தூங்க வைத்தேன். ஒலியைக் குறைத்துக்கொண்டே வரும்போது திரையில் ஐந்தாவது அலை எதுவரை நிற்கிறது என்பதுதான் கணக்கு என்று சோதனை செய்த பெண் பேனாவால் காட்டினார். 70 டெசிபலில் மேடாக இருந்த அலை 50இல் தணிந்து, 30இல் சின்னப் புடைப்பாக நின்றது. "போதும்மா, இரண்டு காதும் சரி" என்றார். எனக்கு அந்தப் புடைப்பு சரியாகத் தெரியக்கூட இல்லை. அவருக்குத் தெரிந்ததே, அது போதும்.

வளர்ச்சிப் படிகளில் எங்களைக் காப்பாற்றியது "திருத்திய வயது". 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ அதைப் பிறந்த தேதியிலிருந்து வரும் வயதில் கழிக்க வேண்டும். இரண்டு வயதுவரை இந்தக் கணக்குத்தான். எங்கள் மகளுக்கு எட்டு வாரம் கழித்தோம். மூன்றரை மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தாள் என்றால் ஊருக்கு அது தாமதம். திருத்திய வயதில் ஒன்றரை மாதம், சரியான நேரம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

"இன்னுமா குப்புற விழவில்லை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகளை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். துணையில்லாமல் உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். எவ்வளவு அகலமான வாசல் பாருங்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்தில் செங்கீரை (தலையசைத்து ஆடுவது), ஒன்பதில் சப்பாணி (கைகொட்டுவது), பதின்மூன்றில் வாரானை (நடந்து வருவது) என்று வகுத்தார்கள். பாட்டுக்கு அது அழகு. என் மகள் எந்தப் புலவருக்கும் கட்டுப்படாமல் பதினாறாம் மாதத்தில் நடந்தாள்.

தைராய்டு மருந்து எடுக்கும் மகனின் அப்பா:

மேலே எழுதிய அம்மாவுக்கு முடிவு நல்லபடியாக வந்தது, மகிழ்ச்சி. எங்களுக்கு வேறு மாதிரி.

மகன் நிறைமாதம், நல்ல எடை, எந்தக் குறையும் சொல்ல முடியாத குழந்தை. குதிகாலில் குத்தி வட்டம் போட்ட தாளில் ரத்தச் சொட்டுகளை எடுத்தார்கள். ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கழித்துத் தொலைபேசி வந்தது: டி.எஸ்.எச். அளவு அதிகம், உடனே வாருங்கள். தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன் அது; சுரப்பி போதுமான அளவு சுரக்காவிட்டால் ஏறும். பிறந்த முதல் நாளில் இந்த அளவு எல்லாக் குழந்தைக்கும் எகிறும். 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்திருந்தால் பொய்யாகக் கூடக் காட்டும். அவனுக்கு எடுத்தது மூன்றாம் நாள். அப்போதே எனக்கு வயிறு கலங்கியது. கையிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உறுதியானது. ஸ்கேனில் தைராய்டு சுரப்பி கழுத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாக்கின் அடிப்பகுதியில் சிறிதாகத் தங்கிவிட்டிருந்தது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்று உண்டு. அவன் அழவே மாட்டான், பாலுக்குக்கூட எழுப்ப வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் "என்ன சமர்த்து!" என்று மெச்சினார்கள். மஞ்சள் காமாலையும் இழுத்துக்கொண்டே போனது. அவர்கள் மெச்சியதும், நாங்கள் கவலைப்படாமல் விட்டதும் இரண்டுமே இந்தக் குறைபாட்டின் அறிகுறிகள். தாயின் ஹார்மோன் கொஞ்சம் உள்ளே போயிருப்பதால் பிறக்கும்போது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் தொடங்கிவிட்டோம்.

மருந்து என்பது ஒரு சின்னஞ்சிறு மாத்திரை. இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து, கன்னத்தின் உள்பக்கம் விடுவோம். பாட்டில் பாலில் கலக்கக் கூடாது. மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சம். இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகளைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும், சோயா பாலும் மருந்து உடலில் சேருவதைக் குறைக்கும். எடை கூடக்கூட மருந்தின் அளவும் மாறும், ஆகவே அடிக்கடி ரத்தம். சுரப்பி தன் இடத்திலேயே இருக்கும் குழந்தைகளுக்கு மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்ப்பது உண்டு. எங்கள் மகனுக்கு அது வாழ்நாள் மருந்து. வளர்ச்சிப் படி எதுவும் பிந்தவில்லை. இப்போது அவன் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு.

வாரணி (வார்ப்பட்டைக் கட்டு) போட்ட மகளின் அம்மா:

சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தை, முதல் பெண். இரண்டும் இடுப்பு மூட்டு நழுவலுக்கு வாய்ப்பைக் கூட்டும் விஷயங்கள். பிறந்ததும் காலை மடக்கி விரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில்தான் தொடையெலும்பு உட்காரும் இடது பக்கக் கிண்ணம் ஆழம் போதவில்லை என்று தெரிந்தது. அந்தக் கிண்ணத்தின் கோணம் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டுமாம், இல்லை. தவளை போலக் கால் மடங்கி விரிந்திருக்கும்படி தோளிலிருந்து பாதம்வரை வாரணி கட்டினார்கள், நாள் முழுவதும். டயப்பர் வாரணிக்கு அடியில் போக வேண்டும். குழந்தை வளரும்போது வாரை மருத்துவமனையில்தான் தளர்த்த வேண்டும், நாமாக ஒரு துளைகூட மாற்றக் கூடாது. கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றும் பழக்கத்தை மட்டும் யாருமே வைத்துக்கொள்ளாதீர்கள். நழுவாத மூட்டையும் அது நழுவ வைக்கக்கூடும். கழற்றிய அன்று அவள் உதைத்த உதையில் என் மூக்குக் கண்ணாடி போயிற்று.

தவழாத பேரனின் பாட்டி:

எங்கள் பேரன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே இடுப்பால் நகர்ந்து வீடெல்லாம் சுற்றினான், பிறகு ஒரு நாள் நடந்தான். தவழாமல் நடந்தால் பின்னால் படிப்பு வராது என்று பயமுறுத்தினார்கள். நான்கு கால்களில் தவழாமலே நடக்கும் குழந்தைகள் கொஞ்சம் பேர் உண்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் வேறு: ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறானா, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த எதையாவது விட்டுவிட்டானா. இரண்டுக்கும் இல்லை என்றேன், போங்கள் என்றார்.

காதுக் கருவி வைத்திருக்கும் மகனின் அம்மா:

முதலில் எழுதிய தோழியின் காது அனுபவத்தைப் படித்துவிட்டு யாரும் "மறுபரிசோதனை என்றால் காதில் மாவுப் படலம்தான்" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் மகனுக்கு அப்படியில்லை.

அவனுக்கு இரண்டு காதிலும் பதில் வரவில்லை. வீட்டில் கைதட்டிப் பார்த்தோம், திரும்பினான். கதவைச் சாத்தினோம், திடுக்கிட்டான். ஆ, ஊ என்று நாள் முழுவதும் குரல் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எதற்கு இன்னொரு சோதனை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் குரல் எழுப்பும். கைதட்டினால் காற்றசைவும் நிழலும் தெரியும், கதவு சாத்தினால் தரை அதிரும். இதை எங்களுக்கு விளக்கியவர் பெரா செய்த ஒலியியல் நிபுணர். ஐந்தாவது அலை எங்கள் மகனுக்கு 70 டெசிபலிலேயே காணாமல் போயிருந்தது.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது கணக்கு. நாங்கள் அதற்குள் முடித்தோம். கருவியை முதலில் போட்ட அன்று இணையக் காணொளிகளில் வருவதுபோல் அவன் சிரிக்கவில்லை. அழுதான், பிடுங்கினான், வாயில் வைத்தான். சில வாரம் கழித்துத்தான் பெயர் சொன்னால் திரும்பினான். இப்போது சின்னச் சின்ன சொற்கள் வருகின்றன, கூடவே கைச் சைகைகளும். பேச்சுப் பயிற்சியாளர் இரண்டையும் விடாதீர்கள் என்கிறார்.

புதிதாகக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு: குழந்தையின் காது வேகமாக வளரும், ஆகவே காது அச்சு சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். கருவி விசில் அடிக்கத் தொடங்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், புது அச்சு எடுக்கும் நேரம் வந்துவிட்டது. கருவியைச் சட்டையோடு கோத்துவைக்கும் கவ்வி வைத்த கயிற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது.