புதுப்பிப்பு: மானிட்டரில் ஓடிய கோடுகள் நின்றுவிட்டன

போன வாரம் கேட்டிருந்தேனே, காரைக்குடி வீட்டில் என் மானிட்டர் திடீர் திடீரென்று இமைக்கிறது, குறுக்கே கோடுகள் ஓடுகின்றன, பேனல், அதாவது திரையே, போய்விட்டதா என்று? போகவில்லை. கடைக்காரர் பேனலையே மாற்றச் சொன்னார். நல்லவேளை, காசைக் கொடுக்கவில்லை.

இங்கே ஒருவர் சொன்னபடி, கோடு ஓடும்போதே மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திறந்தேன். மெனுப் பெட்டி துளிகூட அசையவில்லை. கோடெல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த மெனுவை மானிட்டரே வரைகிறது; பேனல் கெட்டிருந்தால் அதுவும் ஆடியிருக்கும். ஆக, கோளாறு கணினியிலிருந்து சிக்னல் வரும் வழியில். படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவை 75 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஆக்கினேன், பாதி அடங்கியது.

மீதியைக் காட்டிக்கொடுத்தது அப்பத்தா. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கிரைண்டர் சுற்றினால்தான் இங்கே ஆட்டமே! வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) நெடுக, சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் படம் வர நான் இழுத்த 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், கிரைண்டருக்குப் போகும் ஒயரோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. கட்டியதும் நானேதான்.

"ஒம் பொட்டிக்காக நான் மாவாட்டாம இருக்க முடியுமாப்பா?" என்றார். நியாயம்தான்.

சிபியுவை மானிட்டர் பக்கத்திலேயே வைத்து, ஒன்றரை மீட்டர் கேபிள் போட்டேன். நாலு நாளாகக் கோடே இல்லை. எலக்ட்ரீஷியன் பார்த்ததில் அந்த கிரைண்டர் பிளக் பாயிண்டில் எர்த் ஒயரே இல்லையாம். அதை ஞாயிற்றுக்கிழமை போடுகிறார்.