ஏழு வயதுச் சிறுமியைச் சிலம்பம் வகுப்பில் சேர்க்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு வருகிற ஆனி மாதத்தில் ஏழு வயது நிறைகிறது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வகுப்பில் ஆசிரியை பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறாள். தண்ணீர்ப் புட்டி, பென்சில் பெட்டி, குடை என்று வாரத்துக்கு ஒரு பொருளையாவது தொலைத்துவிட்டு வருகிறாள்; கேட்டால், "நீங்கள்தான் பையில் வைக்கவில்லை" என்கிறாள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானத்தில் ஆசான் ஒருவர் மாலை நேரத்தில் சிலம்பம் கற்றுத் தருகிறார். அருகிலேயே ஒரு மாடியில் கராத்தே வகுப்பும் நடக்கிறது. தற்காப்புக் கலை கற்றால் தன்னம்பிக்கையும் பொறுப்பும் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வழியில் வரும் என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை. பெண் பிள்ளையின் கையில் கம்பு எதற்கு, அடிபட்டால் என்ன செய்வது என்று என் மாமியார் கேட்கிறார். சண்டை கற்றால் பிள்ளை முரடாகிவிடுமோ என்பது என் கணவரின் கவலை. பிள்ளைகளை அனுப்பியவர்களும் கற்றுத் தருகிறவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரு பிள்ளைகளின் தந்தை எழுதியது:

வணக்கம் சகோதரி. என் மூத்த மகனை எட்டு வயதில் சிலம்பத்தில் சேர்த்தேன். முதல் நாள் ஆசான் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மூங்கில் கம்பை அவன் நெற்றி வரை அளந்து, மிஞ்சியதை அறுத்து எடுத்தார். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார். அன்று முதல் அது அவனுடைய கம்பு. அதைத் தரையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது, தாண்டக் கூடாது, வாரம் ஒரு முறை எண்ணெய் தடவி வைக்க வேண்டும், மறந்துவிட்டு வந்தால் மற்றவர் கம்பை இரவல் கேட்கக் கூடாது என்பவை அங்குள்ள கட்டளைகள்.

மூன்றாவது வாரமே மறந்துவிட்டு வந்தான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். ஆசான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். திட்டவில்லை, தண்டிக்கவில்லை. வகுப்பு முழுவதும் அவன் ஓரத்தில் நின்று, வெறுங்கையோடு காலடி மட்டும் போட்டான். அதற்குப் பிறகு அவன் கம்பை மறந்ததில்லை. வீட்டில் நாங்கள் நூறு முறை சொல்லியும் நடக்காதது அங்கே நடந்ததற்குக் காரணம், பெற்றோர் இருவரும் அவனுக்காக ஓடாத ஒரே இடம் அதுவாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன். பள்ளிப் பையைத் தானே அடுக்கும் பழக்கம் வர மட்டும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு மாதத்தில் மாற்றத்தை எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள்.

கம்பும் காலடியும் எழுதியது:

வணக்கம் அம்மா. பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தருகிறேன். உங்கள் மகளைப் போலத் தரையைப் பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் நாங்கள் கம்பு சுற்ற விடுவதில்லை. குருவணக்கம், நிலை, காலடி ஆகியவற்றில்தான் பல வாரங்கள் போகும். காலடி போடும்போது எண்ணிக்கை சொல்ல வேண்டும். என் கூடத்தில் அதை நான் சொல்வதில்லை. நாளுக்கு ஒரு பிள்ளை முன்னால் நின்று சொல்லும். அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் வரிசையே தடுமாறிவிடும் என்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் குரலை உயர்த்தியே ஆக வேண்டியிருக்கும். 'தைரியமாகப் பேசு' என்று சொல்லி வராத குரல், இருபது பேரின் கால்கள் தன் எண்ணிக்கைக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கும்போது வந்துவிடுகிறது.

அடுத்தது இடது கை. வலக்கையில் சுற்றப் பழகிய பிள்ளை இடக்கைக்கு மாற்றும்போது கம்பு கட்டாயம் விழும்; ஒரு மாலையில் முப்பது முறைகூட விழும். எடுப்பதும் மீண்டும் தொடங்குவதுமாகச் சில வாரங்கள் போன பிறகு ஒரு நாள் அது விழாமல் சுற்றும். அந்த நிமிடத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, தனக்கு அடுத்துச் சேர்ந்த பிள்ளைக்கு அதையே சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை நான் அதனிடம் ஒப்படைப்பேன்.

அடிபடுவதைப் பற்றி உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. பயிற்சியில் கம்பு நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு நிறுத்துகிறார்களா, சிறு பிள்ளைகளை எதிரெதிரே மோத விடுகிறார்களா என்பதைப் பாருங்கள். இந்த வயதில் மோத விட்டால் அந்த இடம் வேண்டாம். முழங்காலிலும் விரல் கணுவிலும் சொந்தக் கம்பு தட்டி வலிப்பது உண்டு; அதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

2021இல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது அறிமுகக் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எங்களுக்கு இவை பெரும் மகிழ்ச்சி. ஆனால் பதக்கத்தையும் வேலையையும் மனத்தில் வைத்து ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம், பிள்ளை முதலில் விளையாடட்டும் என்றுதான் சொல்லி வருகிறேன்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

உங்கள் கணவரின் கவலைக்கு ஆய்வுகளில் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ட்ரூல்சன் என்ற ஆய்வாளர், சட்டத்தை மீறிய 13 முதல் 17 வயது வரையிலான இளைஞர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, முடிவை 1986இல் வெளியிட்டார். வணக்கமும் தியானமும் நெறிகளும் சேர்ந்த மரபான முறையில் டேக்வாண்டோ என்னும் கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றவர்களிடம் மூர்க்கம் குறைந்தது. சண்டை நுட்பங்களை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது. பிள்ளை முரடாவதும் ஆகாததும் கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உங்கள் மகளின் வயதுக்கு நெருக்கமான ஆய்வு 2004இல் வந்தது. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான உடற்பயிற்சி வகுப்பும் மறு பகுதியினருக்கு டேக்வாண்டோவும் மூன்று மாதம் நடத்தினார்கள். நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். டேக்வாண்டோ பிள்ளைகளிடம் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் வகுப்பறை நடத்தையும் கூடுதலாக மேம்பட்டன. அந்தக் கேள்வியை என் மூன்றாம் வகுப்பில் நானும் கேட்டுப் பார்க்கிறேன். கூச்சல் போடும் பிள்ளைகூட ஒரு கணம் நின்று யோசிக்கிறது.

மாடிப்படி எழுதியது:

கராத்தே பக்கமிருந்து ஒரு வார்த்தை. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதோசு அன்கோ என்ற ஆசான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தபோது, மாணவர்களுக்கென்றே பினான் என்னும் ஐந்து எளிய காட்டாக்களை, அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசைகளை, வகுத்தார். நல்ல வகுப்பில் அந்தப் பொறுமை இன்றும் இருக்கிறது. நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் அது இல்லை. ஆறு மாதத்தில் மூன்று பெல்ட் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம் வாங்கினார்கள். மூன்றாவது பெல்ட் வாங்கிய இரவில் என் மகள், "அம்மா, எனக்கு இன்னும் இரண்டாவது காட்டா தெரியாதே" என்று அழுதாள். உழைக்காமல் கிடைத்தது என்பது பிள்ளைக்குத் தெரியாமல் போவதில்லை. கலை எதுவாக இருந்தாலும், சேர்க்கும் முன் இரண்டு வகுப்புகளையாவது ஓரமாக உட்கார்ந்து முழுமையாகப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை மூவரும் மைதானத்துக்குப் போய் வந்தோம். மாமியாரும் கூட வந்தார். பிள்ளைகளை நன்றாகத் தள்ளித் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள். ஒரு சிறுவனின் கம்பு கை நழுவி உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. அவனே ஓடி வந்து, கம்பைத் தொட்டு வணங்கி எடுத்துக்கொண்டு போனான்; ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. மகள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கூடத்தில் துடைப்பத்தை நெற்றிக்கு நேராக நிறுத்தி அளந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இது எனக்குப் பெரிசு" என்றாள். "அறுத்தால் நான் எதை வைத்துப் பெருக்குவது" என்று கேட்ட மாமியார், திங்கட்கிழமை தானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.