டிராஃப்டா, ஃப்ரீ ஏஜென்சியா: என்எஃப்எல் அணிக்கு எது அடித்தளம்?

கேள்வி:
மார்ச் மாதத்தில் 'ஃப்ரீ ஏஜென்சி' சந்தையில், ஒப்பந்தம் முடிந்த பெரிய வீரர்களை அள்ளிக்கொள்ளும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் ஒவ்வோர் ஆண்டும் பாராட்டு மழையில் நனைகின்றன. ஏப்ரலில், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலோ, தொழில்முறை ஆட்டம் ஒன்றைக்கூட ஆடாத இளைஞர்களை நம்ப வேண்டியிருக்கிறது. வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகையான ஊதிய வரம்பு 32 அணிகளுக்கும் ஒன்றே என்னும்போது, எதை முதன்மையாக வைத்து அணியைக் கட்டுவது சரி?

மறுமொழி 1:
என் பதில் டிராஃப்ட், காரணம் ஊதியம். 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். 2011இல் புதுமுகங்களின் ஊதியத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், அதே முதலிடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர்தான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் நல்லவராக அமைந்து, அவர் இந்த ஊதியத்தில் இருக்கும் சில ஆண்டுகளே ஓர் அணிக்குப் பொற்காலம். சியாட்டில் அணி 2012இல் மூன்றாம் சுற்றில், 75ஆவது இடத்தில், ரஸ்ஸல் வில்சனை எடுத்தது. அவருக்குக் கொடுத்தது சொற்பம் என்பதால், மறு ஆண்டே கிளிஃப் ஏவ்ரிலையும் மைக்கேல் பென்னட்டையும் வெளியிலிருந்து கொண்டுவர முடிந்தது. அந்தப் பருவத்திலேயே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பட்டம் அவர்கள் கைக்கு வந்தது.

மறுமொழி 2:
முந்தைய நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. 2007இல் முதலாவதாகத் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்றே பருவங்களில் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் தலைசிறந்த குவாட்டர்பேக்காக விளங்கிய டாம் பிரேடியோ 2000இல் 199ஆவது இடம்வரை காத்திருந்தார். ஐந்தாண்டு ஆடிய வீரரிடம் இத்தகைய இருட்டு இல்லை. அவருடைய ஆட்டம் முழுவதும் கண்முன்னே இருக்கிறது. டென்வர் அணி 2012இல் பெய்டன் மேனிங்கையும், 2014இல் டிமார்கஸ் வேர், அகிப் தாலிப், டி. ஜே. வார்ட் ஆகியோரையும் இப்படித்தான் சேர்த்து, 2015 பருவத்தில் பட்டம் வென்றது. ஆனாலும் அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரரான வான் மில்லர், அவர்களே 2011 டிராஃப்டில் எடுத்தவர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மறுமொழி 3:
ஃப்ரீ ஏஜென்சியின் உண்மையான விலை, ஒப்பந்தம் முறியும்போதுதான் தெரியவரும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2.5 கோடி டாலர் கையெழுத்து போனஸ் கொடுத்தால், கணக்கில் அது ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரிக்கப்படுகிறது. இரண்டு பருவங்களுக்குப் பின் மார்ச்சில் அவரை வழக்கமான முறையில் விடுவித்தால், மீதமுள்ள 1.5 கோடி மொத்தமும் அந்த ஆண்டின் ஊதிய வரம்பிலேயே வந்து விழும். அணியில் இல்லாத ஒருவருக்காக அந்த இடம் அடைபட்டுக் கிடக்கும். மேலும், வெளியிலிருந்து எடுப்பதைவிட அதிக வீரர்களை இழக்கும் அணிக்கு, மறு ஆண்டின் டிராஃப்டில் மூன்று முதல் ஏழு வரையிலான சுற்றுகளின் இறுதியில், இழப்புக்கு ஈடாகக் கூடுதல் தேர்வுகள் (ஈட்டுத் தேர்வுகள்) கிடைக்கின்றன. பழைய அணியே விடுவித்த வீரர்கள் இந்தக் கணக்கில் சேருவதில்லை என்பதால், அவர்களை எடுத்தாலும் ஈட்டுத் தேர்வுகள் பறிபோவதில்லை; ஆகவே, ஓர் அணி நிர்வாகத்தை நான் எடைபோடும்போது, மார்ச்சின் முதல் நாளில் அது யாரை வாங்கியது என்பதைவிட, விடுவிக்கப்பட்டவர்களில் யாரைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்தது என்பதையே பார்க்கிறேன்.