பெருந்தமனி வீக்கமும் வால்வு கசிவும்: உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

கரூர் ஹார்டுவேர்:

எனக்கு வலியே இருந்ததில்லை. கேட்கிற எல்லோரும் "நெஞ்சு வலிச்சுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லோடுமேன் வராத நாளில் சிமெண்ட் மூட்டையை நானே இறக்குவேன். 50 கிலோ. 46 வயதுவரை மூச்சு வாங்கியதில்லை. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் கட்டில் குலுங்குகிற மாதிரி நெஞ்சு அடிக்கும். வாயு என்று நினைத்து பெருங்காயமும் இஞ்சிச் சாறுமாக ஒரு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மகள், "அப்பா, உங்க சட்டைப் பை துடிக்குது" என்றாள். குனிந்து பார்த்தேன். பையில் செருகியிருந்த பேனா ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

மெடிக்கலில் பிபி பார்த்தால் 164/48. மெஷின் கெட்டுப்போச்சு என்று அந்தப் பையன் மூன்று தடவை கட்டிக் கட்டிப் பார்த்தான். நாங்கள் மேல் எண்ணைப் பார்த்துப் பயந்தோம், டாக்டர் கீழ் எண்ணைத்தான் பார்த்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெருந்தமனியின் வாசலில் இருக்கிற வால்வு சரியாக மூடாததால் வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு இதயத்துக்கே திரும்பி வருகிறது, அதனால் கீழ் அழுத்தம் இறங்கிவிடுகிறது. திரும்பி வந்ததையும் சேர்த்து அடுத்த துடிப்பில் தள்ள வேண்டுமே, மேலே ஏறிவிடுகிறது.

இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற எக்கோவில் விஷயம் வெளிவந்தது. மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வு எனக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ். நூறு பேரில் ஒருவர், இருவருக்கு இப்படி இருக்குமாம். அதற்கு மேலே கிளம்புகிற பெருந்தமனி 5.2 செ.மீ. மூன்று, மூன்றரை இருந்தால் சரி. சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, சிடி ஸ்கேன் படத்தில் அச்சு அசல் அதுதான்.

"இன்னையிலிருந்து மூட்டையைத் தொடாதீங்க" என்றார் டாக்டர். கனம் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குவோம், அந்த நொடியில் பிபி எகிறும். மெலிந்த சுவர் அப்போது கிழிந்தால் பல நேரம் ஆஸ்பத்திரி வாசல்வரைகூட அவகாசம் கிடைக்காது. பொதுவாக 5.5 வந்தால் ஆபரேஷன் என்பார்கள். எனக்கு வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறந்தாக வேண்டும், அப்படித் திறந்தால் 4.5 தாண்டிய தமனியையே மாற்றிவிடுவார்களாம்.

செய்தது பென்டால் ஆபரேஷன். 1968-ல் பென்டால், டி போனோ என்ற இருவர் எழுதி வைத்த முறை. வால்வு பொருத்திய செயற்கைக் குழாயை வைத்து, இதயத்துக்கே ரத்தம் தருகிற இரண்டு கரோனரிகளையும் வாயோடு பொத்தான் மாதிரி வெட்டி அந்தக் குழாயில் தைக்கிறார்கள். திசு வால்வு என்றால் பத்து, பதினைந்து வருஷத்தில் மறுபடி படுக்க வேண்டிவரலாம் என்பதால் மெட்டல் வால்வு. அதனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை ஆயுள் முழுக்க. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண்தான் ஐஎன்ஆர், அது 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும்.

கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால் தொடாதே என்று ஊரே சொல்லும். "சாப்பிடுங்க, வாரா வாரம் ஒரே அளவாச் சாப்பிடுங்க" என்றார் என் டாக்டர். மாமியார் வீட்டில் நாலு நாள் தொடர்ந்து முருங்கைக்கீரை, ஐஎன்ஆர் 1.6-க்கு வந்து நின்றது.

நாகர்கோவில் அக்கா:

தம்பிக்கு 19 வயது, ஆறடி மூணு அங்குலம். விரல் எல்லாம் நீள நீளமாக இருக்கும், வாலிபால் டீமில் அவன்தான் ஸ்மாஷர். கண்ணில் லென்ஸ் நழுவியிருக்கிறது என்று கண்டுபிடித்த கண் டாக்டர்தான், "முதல்ல எக்கோ எடுங்க" என்று அனுப்பினார். மார்ஃபான், உடம்பைத் தாங்குகிற இணைப்புத் திசு பலவீனமாக இருக்கிற பிறவிக் கோளாறு. தமனி 4.6. இவர்களுக்கு 5-லேயே ஆபரேஷன் பேச்சு வந்துவிடும் என்கிறார்கள். இப்போது தமனிக்குப் பளு குறைய லோசார்டன், மெட்டோபுரோலால் மாத்திரைகள், ஆறு மாதத்துக்கு ஒரு எக்கோ. மாத்திரையில் அவனுக்குப் புகார் இல்லை. சாயங்காலம் கிரவுண்டில் பந்துச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறான்.

4.2-ல் நிற்பவன்:

நான் காத்திருக்கிற கட்சி. கசிவு லேசு, வருஷம் ஒரு எக்கோ. நாகர்கோவில் அக்கா, தம்பியிடமும் சொல்லி வையுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குப் போனபோது எனக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார்கள். ரிப்போர்ட்டைக் காட்டியதும் வேறு மருந்து கொடுத்தார்கள். அந்த வகை ஆன்டிபயாடிக் தமனி வீங்கியவர்களுக்கு ஆபத்து கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. ரிப்போர்ட் நகலை மடித்து பர்ஸிலேயே வைத்திருக்கிறேன்.

கரூர் அண்ணே, உங்க கூடப் பிறந்தவங்களுக்கு எக்கோ எடுத்தாச்சா?

கரூர் ஹார்டுவேர்:

எடுத்தாச்சு தம்பி, எட்டு மாதம் சண்டை போட்டு. இது குடும்பத்தில் வரும், எல்லோரையும் பார்த்துவிடுங்கள் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொன்னார்கள். மகளுக்கு ஒன்றுமில்லை. அண்ணன்தான், "நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்குடா" என்று இழுத்தடித்தார். போன மாதம் ஊரில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருந்தோம். பாதி ராத்திரியில், "அந்த வாட்சைக் கழட்டி வைடா, தூக்கமே வரல" என்றார். கையைப் பிடித்து, மெட்டல் வால்வு டிக் டிக்கென்கிற என் நெஞ்சில் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

அவருக்கும் இரண்டு இதழ்தான். தமனி 4.4, கசிவு இல்லை. இப்போது லோடு வந்தால் அண்ணனும் நானும் கல்லாப் பக்கம் உட்கார்ந்து மூட்டையை எண்ணுகிறோம்.