அம்மாவை ஃப்ளைட் இல்லாம அமெரிக்கா அனுப்ப வழி இருக்குங்களா? அவசரம்

கொழிஞ்சாம்பாறையான்:
வணக்கமுங்க. அம்மாவுக்கு ஃப்ளைட்டுன்னாலே ஆகாது. அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் ஏர்போர்ட் பேச்செடுத்தாலே பிரஷர் ஏறுது. லண்டன் பக்கமிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஓடுதுங்கறாங்க. எத்தனை நாள் ஆகும், டிக்கெட் எப்படி எடுக்கறது? விசா இருக்கு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க, அக்கா தினமும் கேக்கறா.

அத்திக்கோடு அம்மிணி:
எந்த மாசம்? அங்க எந்த ஊரு? "விசா இருக்கு"ன்னா எந்த நாட்டு விசா? அம்மா தனியா போறாங்களா? வயசு, சுகர் ஏதாவது? இதுல ஒண்ணுமே சொல்லாம கப்பலைப் பத்தி என்னத்தைச் சொல்றது தம்பி.

வாளையார் வண்டி:
அந்தக் கப்பல் குனார்ட் கம்பெனியோட குவீன் மேரி 2. சவுத்தாம்ப்டன்ல ஏறினா நியூயார்க்ல ப்ரூக்ளின் ரெட் ஹுக் துறையில இறங்கலாம், 7 ராத்திரி. 2004ல ஓட ஆரம்பிச்சது, 345 மீட்டர் நீளம். அட்லாண்டிக்குக்குன்னே கட்டின லைனர், அதனால சாதாரண உல்லாசக் கப்பலை விட ஆட்டம் தாங்கும். மேற்கே போறப்ப 5 ராத்திரி ஒவ்வொரு மணி நேரமா கடிகாரத்தைப் பின்னாடி வைப்பாங்க, இறங்கும்போது தூக்கம் கெடாது. ஹீத்ரோவுல இருந்து சவுத்தாம்ப்டனுக்கு நேரா கோச் பஸ் இருக்கு. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து ரயில்னா ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம். கப்பல் கிளம்பற அன்னிக்கே லண்டன்ல இறங்கற மாதிரி டிக்கெட் போடாதீங்க. விமானம் தாமதமானா அடுத்த கப்பலுக்கு வாரக்கணக்கா காத்திருக்கணும்.

பழைய மாலுமி:
இதே கேள்வி எத்தனை தடவைதான் வரும். மேப்பை விரிச்சுப் பாருங்க தம்பி. சென்னையில இருந்து லண்டன் நேரடி விமானம் பத்தரை, பதினோரு மணி நேரம். லண்டன்–நியூயார்க் சுமார் 8. கப்பல் காப்பாத்தறது அந்த 8ஐ மட்டும்தான். பெரிய பாதி அப்படியே கிடக்குது. அட்லாண்டிக்கைப் பிடிச்சுத் தொங்கறவங்க யாரும் இதைக் கணக்குப் போடறதே இல்லை.

வேலந்தாவளம் 44:
எதுக்கு லண்டன்? திருவனந்தபுரம் பக்கத்துல விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாசம் திறந்தாச்சு, உலகத்துல இருக்கற பெரிய கப்பலெல்லாம் வந்து நிக்குது. சரக்குக் கப்பல்ல பயணி ஏத்துவாங்க. இங்கிருந்தே ஏறினா ஒரு மணி நேரம்கூடப் பறக்க வேண்டாம்.

பழைய மாலுமி:
விழிஞ்ஞத்துல இறங்கறதும் ஏறறதும் சரக்குப் பெட்டிங்க, ஆளுங்க இல்லை. சரக்குக் கப்பல் அதிகபட்சம் 12 பயணிதான் ஏத்தலாம். அதுக்கு மேல போனா பயணிகள் கப்பல் சட்டத்துக்குள்ள வந்துரும். டாக்டர் இருக்க மாட்டார், அதனால வயசு வரம்பும் மருத்துவச் சான்றும் கேப்பாங்க. அந்த வழியையும் 2020 கொரோனாவுல முக்கால்வாசிக் கம்பெனி மூடிருச்சு. கொச்சியில இருந்து ஐரோப்பா போற உல்லாசக் கப்பலும் ரெகுலர் கிடையாது. சீசன் முடிஞ்சு இடம் மாறற கப்பல் வசந்த காலத்துல கிடைச்சா உண்டு. அதுவும் 2023 கடைசியில செங்கடல் பிரச்சினை வந்ததுல இருந்து நிறைய கப்பல் அந்த வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போயிருச்சு.

அத்திக்கோடு அம்மிணி:
பாடம் எடுத்தது போதுங்க அண்ணா. தம்பி, ஒரு முக்கியமான விஷயம். அம்மாவுக்குப் பயம் எதுக்கு? மேல ஏறும்போதும் இறங்கும்போதுமா, நடுவுல குலுங்கறதுக்கா, இல்ல அடைஞ்சு உக்காந்திருக்கறதுக்கா? ஏறி இறங்கறதுதான் பயம்னா ஒரே நேரடி விமானம் மேல். அடைப்புத்தான் பயம்னா பயணத்தைக் கல்ஃப்ல ரெண்டா உடைக்கணும்: கொச்சி–துபாய் 4 மணி நேரம், அங்கிருந்து லண்டன் ஏழேகால், ஏழரை. குலுக்கல்னா றெக்கைக்கு மேல இருக்கற சீட்டு, பெரிய விமானம்.

கொழிஞ்சாம்பாறையான்:
அமெரிக்க பி2 விசிட்டர் விசா, 10 வருஷத்துக்கு இருக்கு. அம்மாவுக்கு 63. சுகர் கிடையாது, பிரஷருக்கு மாத்திரை எடுக்கறாங்க. அக்கா நியூஜெர்சி எடிசன்ல. பிரசவம் ஜனவரி 3வது வாரம். நான் சவுத்தாம்ப்டன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பிருவேன், எனக்கு அமெரிக்க விசா இல்லை.

வாளையார் வண்டி:
ஜனவரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே! குவீன் மேரி 2 பொதுவா ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் உலகம் சுத்தப் போயிரும். அப்ப வழக்கமான சவுத்தாம்ப்டன்–நியூயார்க் ஓட்டம் இல்லை. டிசம்பர் நடுவுல போறதைப் பிடிக்கணும், கிறிஸ்துமஸை ஒட்டி நியூயார்க். தேதி வருஷா வருஷம் மாறும், கம்பெனி அட்டவணையைப் பாத்துக்குங்க. அதை விட்டா அக்டோபர், நவம்பர்ல பார்சிலோனா, ரோம் பக்கமிருந்து ஃப்ளோரிடாவுக்கு இடம் மாறற கப்பல்கள், 12–15 ராத்திரி. விலை குறைவு. ஆனா ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா வேணும், மியாமியில இறங்கி நியூஜெர்சிக்கு ஆம்ட்ராக் ரயில்ல ஒரு நாளுக்கு மேல உக்காரணும்.

அத்திக்கோடு அம்மிணி:
பிரிட்டன் விசா இல்லாம ஒண்ணும் நடக்காது, அதைக் கவனிங்க. அமெரிக்க விசா வெச்சிருக்கறவங்க லண்டன்ல மாறிப் போகலாம்னு ஏஜென்ட் சொல்லுவான். அது விமானத்துல வந்து விமானத்துலயே போறவங்களுக்கு மட்டும்தான். கப்பல் ஏறணும்னா விசா எடுத்தே ஆகணும். டிரான்ஸிட் விசாவுல 48 மணி நேரம்தான், திரும்பி வர்றதுக்கு அது பத்தாது. 6 மாச விசிட்டர் விசா எடுங்க, உங்களுக்கும் அதேதான். பயணத்துக்கு 3 மாசம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், கைரேகை கொச்சியிலயே குடுக்கலாம்.

இதுல ஒரு சிக்கல். அந்த 6 மாசம் நீங்க குடுக்கற பயணத் தேதியில இருந்து ஓடும். டிசம்பர் 10ன்னு போட்டா ஜூன் 10 வாக்குல முடிஞ்சுரும். அம்மா கப்பல்லயே திரும்பறதா இருந்தா மே மாசமே சவுத்தாம்ப்டன் வந்து, கொச்சி விமானமும் ஏறிரணும். அமெரிக்காவுல எத்தனை நாள் இருக்கலாங்கறது இறங்கற இடத்துல ஆபீசர் ஐ-94ங்கற வருகைப் பதிவுல போடற தேதிதான். சாதாரணமா 6 மாசம் குடுப்பாங்க, விசாவுல இருக்கற 10 வருஷத்தைப் பாத்து ஏமாந்துராதீங்க.

கோபாலபுரம் கேட்டு:
கொச்சி எதுக்குங்க? கொழிஞ்சாம்பாறையில இருந்து கோயமுத்தூர் ஏர்போர்ட் ஒரு மணி நேரம். அபுதாபிக்கு அங்கிருந்தே விமானம் இருக்கு.

வாளையார் வண்டி:
கோயமுத்தூர்ல இருந்து சின்ன விமானம்தான். பயந்த ஆளுக்குக் குலுக்கல் அதிகமாத் தெரியும். தனித்தனி டிக்கெட்டா அமைஞ்சா அபுதாபியில பெட்டியை எடுத்து மறுபடி போடணும். நெடும்பாசேரியில, அதான் கொச்சி ஏர்போர்ட்ல, பெரிய விமானம், லண்டன் வரைக்கும் ஒரே டிக்கெட்.

கோபாலபுரம் கேட்டு:
நெடும்பாசேரி போறதுக்குள்ள ரோட்டு நெரிசல்ல வண்டி நிக்கும் பாருங்க, அங்கயே அம்மாவுக்குப் பிரஷர் ஏறிரும்.

வேலந்தாவளம் 44:
பாலக்காட்டுல ரயில் ஏறி அங்கமாலியில இறங்கினா ரோடே தேவையில்லை. ரெண்டு பேருக்கும் வண்டி ஆசை.

பழைய மாலுமி:
சண்டை முடிஞ்சா விஷயத்துக்கு வாங்க. டிசம்பர்ல வட அட்லாண்டிக் சும்மா இருக்காது. காத்து மேற்கே இருந்து அடிக்கும், கப்பல் அதுக்கு எதிர்த்தாப்புல போகும், அதனால மூக்கு ஏறி ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் இருந்தாலும் அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும், இந்த ஆட்டத்தை அடக்காது. கேபின் நடுக்கப்பல்ல, 4 அல்லது 5வது தளத்துல எடுக்கணும். பால்கனி வேணும்னு மேல் தளத்துக்குப் போய் முன்பக்கத்துல எடுத்தா அழுதுருவாங்க. கடல் ஆட்டத்துல வர்ற வாந்திக்கு அவோமின் மாத்திரை, ராத்திரி படுக்கும்போது போடறது. வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா பலன் குறைவு, தூக்கமும் கட்டும். பிரஷர் மாத்திரையோட சேருமான்னு டாக்டரைக் கேக்காமப் போடாதீங்க. விமானத்துக்குன்னு தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தா அதையும் இதையும் ஒண்ணாப் போடக்கூடாது.

இன்சூரன்ஸ்ல கப்பல் பயணம் சேர்ந்திருக்கான்னு பாருங்க, சாதாரண பாலிசியில பிரஷர் மாதிரி பழைய வியாதியைக் கழிச்சுருவாங்க. நடுக்கடல்ல ஹெலிகாப்டர் எட்டாது. கப்பல் ஆஸ்பத்திரி பில் அமெரிக்க விலையில இருக்கும்.

அத்திக்கோடு அம்மிணி:
ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கற விலை, ரெண்டு பேர் ஒரு கேபின்ல இருந்தா வர்றது. தனி ஆளுன்னா கிட்டத்தட்ட ரெண்டு பங்கு ஆயிரும். தனி ஆளுக்குன்னே 15 கேபின் இருக்கு, முதல்ல தீர்றது அதுதான். டிப்ஸ் தனியா நாள் கணக்குல ஏறும். சைவம்னா புக் பண்ணும்போதே எழுதிருங்க.

அப்புறம் ப்ரூக்ளின்லயும் ஏர்போர்ட் மாதிரியே கஸ்டம்ஸ் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, விதை, கறி போட்ட ஊறுகா எதுவும் உள்ள விடமாட்டாங்க. பிரசவ லேகியம் கொண்டுபோனா சீல் வெச்ச டப்பாவா, மேல இங்கிலீஷ்ல பேர் இருக்கற மாதிரி வாங்கி, ஃபாரத்துலயும் எழுதிருங்க.

வாளையார் வண்டி:
கப்பல் சரிப்படலைன்னா கடலை விமானத்துலயே ரெண்டா உடைக்கலாம். லண்டன்–ஐஸ்லாந்து கெஃப்லாவிக் 3 மணி நேரம், அங்கிருந்து நியூயார்க் 6 மணி நேரம். ஆனா ஜனவரியில அங்க புயல், விமானம் தள்ளிப்போறது சகஜம். ஒரே டிக்கெட்டா எடுக்கணும்.

பழைய மாலுமி:
அதுல ஏறி இறங்கறது ஒண்ணு கூடுது. அம்மாவுக்கு எதுக்குப் பயம்னு அம்மிணி கேட்டதுக்கு இன்னும் பதிலே வரலை.

கொழிஞ்சாம்பாறையான்:
டிசம்பர் கப்பல்ல தனி ஆள் கேபின் வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருக்கு. பிரிட்டன் விசாவுக்குக் கொச்சியில நாள் எடுத்தாச்சு. அம்மாவைக் கேட்டேன், ஏறும்போதுதான் பயமாம். நன்றிங்க எல்லாருக்கும்.

அத்திக்கோடு அம்மிணி:
ஏறும்போதுன்னா கல்ஃப் வழி வேண்டாம். சென்னை நேரடி பாருங்க.

கோபாலபுரம் கேட்டு:
சென்னைக்கு எப்படிங்க, ரயில்லயா? கோயமுத்தூர்ல இருந்து ஒரு மணி நேர விமானம் இருக்கே.